அரியலூர்க் கடல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பாடாலூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே ஊட்டத்தூருக்குப் பிரியும் சாலையில் திரும்புகிறவர்கள், வயதிலும் பிறப்பிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிலங்களின் எல்லையைத் தம்மையறியாமல் கடந்துவிடுகிறார்கள். மேற்கே விட்டுவந்தவை பூமியின் ஆழத்தில் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து இறுகிய பாறைகள். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை வாய்ந்த அவற்றில் புழுவோ பூண்டோ இருந்ததற்கான அடையாளம் எதுவும் கிடையாது. கிழக்கே விரிவது பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் பூமி. அதை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடைகளின் கரைகளில் மஞ்சளும் சாம்பலும் செம்மையுமாகக் களியும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. இவற்றில் பெரும்பகுதி கடலடியில் படிந்தது. இன்று அலையோசை கேட்பதற்கு அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும்; ஆனால் ஒரு காலத்தில், அதுவும் சிறு காலமன்று, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள், கடற்கரை இங்கேதான் இருந்தது.

அந்தக் கடல் வந்த வரலாறு பாரதபூமி தனித்து நின்ற வரலாற்றோடு சேர்ந்தது. தென் கண்டங்களெல்லாம் ஒன்றாய்க் கிடந்த கோண்டுவானாப் பெருநிலம் பிளவுபட்டு, நம் தேசத்தின் கீழ்க்கரை அன்டார்க்டிகாவைப் பிரிந்து விலகத் தொடங்கிய காலத்தில், இன்றைய காவிரிப் பிரதேசத்தில் நிலம் வெடித்துப் பல பள்ளங்களாக இறங்கிற்று. முதலில் அப்பள்ளங்களில் நன்னீர்தான் தேங்கியது. தெரணியில் பீங்கான் தொழிலுக்காக வெட்டியெடுக்கப்படும் வெண்களியைப் பிளந்து பார்த்தால், அந்த நன்னீர்க் கரைகளில் வளர்ந்த செடிகளின் இலைகள், நரம்பும் விளிம்பும் மாறாமல் அச்சாகப் பதிந்திருப்பதைக் காணலாம். பிறகு, இன்றைக்குச் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடல் உள்ளே புகுந்தது. கல்லக்குடிப் பக்கத்தில் பவளங்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புக்கல், தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமில்லாத அந்த முதற்கடலின் வேலை.

கடல் மேலும் ஆழ்ந்தபோது படிந்தது காரைக் களி. காரை, கொளக்காநத்தம் ஆகிய ஊர்களை ஒட்டி, மரமோ பயிரோ அதிகமில்லாமல், மழைநீர் அரித்தரித்து நூற்றுக்கணக்கான சிறு வாய்க்கால்களாகக் கூறுபோட்ட ஓர் ஓடைக்காடு இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அங்கே நடப்பதற்கு ஈடான கல்வி வேறில்லை என்பேன். வெயில் ஏற ஏறக் களியின் வெடிப்புகளிலிருந்து ஜிப்ஸம் தகடுகள் பளபளக்கும். அவற்றின் நடுவே விரல் நீளமும் விரல் பருமனும் உள்ளனவாய், ஒரு முனை கூர்ந்து, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும்படியான கற்கள் சிதறிக் கிடக்கும். கணவாய் மீனுக்கு உறவான பெலெம்னைட் என்னும் ஜந்துவின் உடலுக்குள் இருந்த முள் அது. அதை உடைத்து முறிந்த முகத்தைக் கவனித்தால், நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை ஊசி ஊசியாகப் படிகங்கள் விரிந்திருப்பதும், அவற்றைக் குறுக்கே வெட்டி வளர்ச்சி வளையங்கள் ஓடுவதும் வெறுங்கண்ணுக்கே புலனாகும். அதே களியில் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகள் உரத்துக்கு உதவுமா என்ற விசாரணை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நடந்தது; பெரிய தொழிலாக அது வளரவில்லை.

அப்பால் நிலம் சற்று உயர்ந்தது; கடல் ஆழம் குறைந்து, மேற்கத்திய மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த பருமணலும் கூழாங்கல்லும் அதில் விழுந்தன. கருடமங்கலத்துச் சிப்பிக்கல் இந்தக் காலத்தது. கருஞ்சாம்பல் நிறமான தளத்தில் சங்கும் கிளிஞ்சலும் நெருக்கமாகப் புதைந்து, அறுத்து மெருகிட்டால் ஒவ்வொன்றும் வெண்மையான வளைகோடாகவும் சுருளாகவும் எழுந்து நிற்கும் இந்தக் கல்லை வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்று அழைத்தார்கள். மேஜைப் பலகை, காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டு, சிறு அலங்காரப் பொருள்கள் என்று அதைக் கடைந்து விற்ற தொழில் ஒன்று கம்பெனிக் காலத்திலேயே இருந்தது. வாங்கியவர்களுக்கு அதன் அழகு தெரிந்திருந்தது. அந்த வளைகோடு ஒவ்வொன்றும் ஓர் உயிரின் வீடு என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சாத்தனூர்க் கல்மரத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓடைக்கரையில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் அந்த அடிமரம் ஊசியிலை இனத்தைச் சேர்ந்தது. ஆற்று வெள்ளம் அதைக் கடலில் கொண்டு சேர்க்க, மூழ்கிச் சேற்றில் புதைந்தபின், நீரில் கரைந்திருந்த சிலிக்கா அணு அணுவாக மரத்தின் இடத்தைத் தான் பற்றிக்கொண்டது. ஆதலால் வடிவம் மரமாகவும் பொருள் கல்லாகவும் ஆயிற்று. 1940-இல் இதை முதன்முதலாக விஞ்ஞான உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன்; தஞ்சைப் பக்கத்துக்காரர்; பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தவர்.

இந்த நிலத்தின் மீது படைகள் நடந்திருக்கின்றன. 1751-லும் அதற்கடுத்த ஆண்டிலும், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடக நவாபு பதவிக்காகப் போரிட்டபோது, வாலிகண்டபுரத்துக்கும் திருச்சிக்கும் இடையே ஊட்டத்தூர் ஒரு முக்கியமான தங்குமிடமாக இருந்தது. கிளைவும் அவ்வழியே போரிட்டிருக்கிறார். ஆனால் காலுக்கடியில் கிடந்ததைக் குனிந்து எடுத்துப் பார்க்கும் மனிதர்கள் வருவதற்கு மேலும் தொண்ணூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. சென்னை அரசாங்கத்தின் சிவில் உத்தியோகஸ்தரான கேய் என்பவர், புதுச்சேரியை அடுத்த வழுதாவூர்ப் பக்கத்திலும் விருத்தாசலத்திலும் திருச்சி ஜில்லாவிலும் சிப்பிகள் செறிந்த படிவுகள் இருப்பதை 1840-இல் சென்னையிலிருந்து வெளிவந்த விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். அவரும் அவருடைய நண்பர் கன்லிஃப் என்பவரும் திரட்டிய கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அவற்றை ஆராயும் பொறுப்பு எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இளம் விஞ்ஞானியிடம் சேர்ந்தது.

ஃபோர்ப்ஸ் 1846-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நமக்கு வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளில் அதுவரை யாரும் கண்டிராத இனங்கள் பல அந்தத் தொகுப்பில் இருக்க, அவர் அவற்றுக்கு நம் புராணங்களிலிருந்தே பெயர்களை எடுத்துச் சூட்டினார்: பிரம்மா, விஷ்ணு, இந்திரன், வருணன், சூரியன், மனு. புதுச்சேரிக் கல்லில் கிடைத்து லண்டனில் பெயர் பெற்ற இந்த ஜந்துக்கள் பின்னர் உலகெங்கும் அகப்பட்டன. இந்திரன் பெயர் தாங்கிய இனம் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும், வருணன் பெயருடையது ஜப்பானிலும் அன்டார்க்டிகாவை ஒட்டிய தீவிலும் இனங்காணப்பட்டன. கண்டகி நதியிலிருந்து வந்து நம்மவர் பூஜையறைகளில் வீற்றிருக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் குலத்தைச் சேர்ந்ததே. அவை அரியலூர்க் கற்களைக் காட்டிலும் காலத்தால் மூத்தவை. இமயத்திலிருந்து வந்த கல்லுக்குத் துளசி சாத்துகிற வீடுகள் எத்தனையோ உள்ள தமிழ்நாட்டில், அதே குலத்துக் கல் வீட்டுவாசலிலேயே கிடந்தும் அதற்குப் பெயர் வைக்க ஓர் ஆங்கிலேயர் வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே உண்டாகின்றன.

ஆயினும் ஃபோர்ப்ஸ் ஒன்றில் தவறினார். அவர் புதுச்சேரிப் படிவுகளைக் கிரெட்டேஷியஸ் யுகத்தின் தொடக்கத்துக்கு உரியவை என்றும், திருச்சியையும் விருத்தாசலத்தையும் சேர்ந்தவை அவற்றுக்குப் பிற்பட்டவை என்றும் கணித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் புதுச்சேரிச் சிப்பிகளைப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் தோர்பிஞி, இவை அந்த யுகத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று மாறாகச் சொன்னார். இந்த வழக்கைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தீர்க்க முடியவில்லை. நிலத்துக்குத் திரும்பி வந்து, எந்தப் படிவு எதன்மேல் அமர்ந்திருக்கிறது, எந்தச் சிப்பி எந்த அடுக்கோடு நின்றுபோகிறது என்று மறுபடி பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. தீர்ப்பு தோர்பிஞியின் பக்கம் விழுந்தது. பாறை இருந்த இடத்தில் இருந்ததனால்தான் பிழை திருந்தியது. இந்தப் பிரதேசத்தின் ஆராய்ச்சிச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான்.

நிலத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் வேலையைச் செய்தவர், புதிதாக அமைந்த புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. 1857-இல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள், இருபதுகளில் இருந்த இந்த இளைஞரும் அவருடைய கூட்டாளிகளும் வெயிலிலும் காய்ச்சலிலும் இப்பகுதியை நடந்தளந்து, படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று மூன்றாக வகுத்தார்கள். 1862-இல் அச்சான அந்தப் பகுப்பு, உள்ளே எவ்வளவோ திருத்தங்கள் நேர்ந்தும், எலும்புக்கூடு மாறாமல் இன்றளவும் நிற்கிறது. அதே பிளான்ஃபோர்டு பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகிப் பருவமழையை ஆராயப் புகுந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொல்லுயிர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டவர், மொரேவியாவில் பிறந்து வியன்னாவில் பயின்று கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா. தென்னிந்தியக் கிரெட்டேஷியஸ் ஜந்துக்களைப் பற்றி 1873 வரை அவர் எழுதி முடித்த பெருந்தொகுதிகளில், சில்லக்குடிச் சிப்பியும் ஆனைப்பாடி நத்தையும் உலகத்தின் எந்த மூலையில் உள்ள மாணவனும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சித்திரங்களோடு இடம்பெற்றன. மறு ஆண்டே, யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்ந்த கணவாய்களில் மூச்சு முட்டி, முப்பத்தாறாம் வயதில் அவர் உயிர் நீத்தார். லேயில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. நூற்றாண்டின் இறுதியில் வார்த் என்பவர் புதிதாகத் திரட்டிய தொகுப்பை வைத்துக்கொண்டு வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் பழைய கணக்குகளைத் திருத்தி, நம் கடல் மடகாஸ்கரோடும் தென்னாப்பிரிக்காவோடும் ஜப்பானோடும் எவ்வாறு உறவு கொண்டிருந்தது என்பதை விளக்கினார். பெங்களூரின் எல். ராமராவ் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடற்பாசிகளைக் கண்டு, ஜூலியஸ் பியா என்ற ஆஸ்திரிய அறிஞரோடு சேர்ந்து 1936-இல் அவற்றை விவரித்தார். இப்படி ஒருவர் பார்வையை மற்றொருவர் திருத்துவதும் விரிப்பதுமாகவே நூறு ஆண்டுகள் சென்றன.

கடல் பின்வாங்கிய கதைக்கு வருவோம். கல்லங்குறிச்சியில் தடித்த ஓடுள்ள சிப்பிகள் கோடானுகோடியாகக் குவிந்து சுண்ணாம்புப் பாறையான காலம், இன்றைக்கு ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு மேலே ஒட்டக்கோவில் மணற்கல். அதற்கும் மேலே கல்லமேட்டில், கடல் விலகிய வெற்று நிலத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களியும். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் உலகெங்கும் பூண்டற்றுப்போன பேரழிவுக்கு முந்திய கடைசி நிலம் இது. நின்னியூருக்கு வந்தால், கடல் மீண்டும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. ஆனால் அதில் ஓர் அம்மோனைட்கூட இல்லை.

கல்லமேட்டு எலும்புகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பிளான்ஃபோர்டின் காலத்திலேயே ஊனுண்ணி ஊர்வனத்தின் பல் ஒன்று இப்பகுதியில் கிடைத்திருந்தது. 1929-இல் மாட்லி என்பவர் இங்குள்ள எலும்புகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு 1979-இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைத்த ஒரு மண்டையோட்டையும் முதுகுத் தகடுகளையும் கொண்டு, திராவிடோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் கொடுத்தார்கள். இனத்தின் பெயரில் பிளான்ஃபோர்டின் நினைவும் சேர்ந்தது. சங்கர் சாட்டர்ஜி அதை மறுத்து, இது டைனோசரே அன்று, கடலில் நீந்திய பிளீசியோசார் என்றார். அண்மையில் 2017-இல் அய்யாசாமியும் பீட்டர் கால்ட்டன் என்ற அறிஞரும் அந்த மறுப்பை மறுத்தார்கள். வழக்கு நடக்கிறது, பொருள் பத்திரமாக இருப்பதனால் நடக்கட்டும், தவறில்லை.

ஆனால் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் கல்லமேட்டிலிருந்து அறிவித்த பிருஹத்காயோசாரஸின் கதி வேறு. இரண்டு மீட்டர் நீளமுள்ள கணைக்கால் எலும்பைக் கொண்ட அந்தப் பிராணி, நிலத்தில் நடந்த உயிர்கள் அனைத்திலும் மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடும் என்று சிலர் கருதினர். எலும்பே அன்று, கல்லான மரத்துண்டு என்று வேறு சிலர் சந்தேகித்தனர். எதையும் சோதித்து முடிவு கட்டுவதற்குள், நீர் பட்டால் உப்பியும் வெயில் பட்டால் சுருங்கியும் போகிற களியில் ஊறியிருந்த அந்த எலும்புகள் நொறுங்கிப் பொடியாகிவிட்டன. பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து, அவை எலும்புதான் என்று 2022-இல் ஒரு கட்டுரை வாதித்தது. எனினும் புகைப்படத்தை அறுத்து உள்ளே பார்க்க முடியாது. ஃபோர்ப்ஸின் பிழையைத் திருத்த முடிந்த நமக்கு, இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி அனேகமாக அடைபட்டுவிட்டது.

இனி, சிமென்ட். கல்லக்குடி என்ற ஊரைத் தமிழர்கள் பெரும்பாலும் 1953-ஆம் ஆண்டுப் பெயர் மாற்றப் போராட்டத்தால் அறிவார்கள். அந்தப் போராட்டத்துக்குக் காரணமான டால்மியாபுரம் என்னும் பெயர், 1939-இல் அங்கே எழுந்த சிமென்ட் ஆலையோடு வந்தது. ஆலை அங்கே எழுந்ததற்குக் காரணம், முதற்கடலின் பவளமும் பாசியும் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். அரியலூரில் அரசாங்கத்தின் ஆலை 1979-இல் வந்தது; அதன் பின் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சிச் சிப்பிப் பாறை இன்று நாள் முழுவதும் லாரிகளில் ஏறி ஆலைக்குப் போய், அரைபட்டு, களியோடு சேர்ந்து உலையில் வெந்து, மூட்டைகளாகித் தமிழ்நாடு எங்கும் வீடாகவும் பாலமாகவும் எழுகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மானாவாரி விவசாயத்தை நம்பியிருந்த ஒரு வறண்ட சீமைக்கு அந்த ஆலைகள் சோறு போட்டிருக்கின்றன. நல்ல அடுக்குமுகங்கள் பலவற்றை ஆராய்ச்சியாளர்கள் கண்டதே சுரங்கக் குழிகளின் சுவர்களில்தான். ஓடைக்கரையில் ஆளுயரம் மட்டும் தெரியும் படிவு, சுரங்கத்தில் அடி முதல் முடி வரை ஒரே பார்வையில் தெரிகிறது.

குறை என்னவெனில், அந்தச் சுவர் நிலையாக நிற்பதில்லை. இந்த வருஷம் பார்த்த முகம் அடுத்த வருஷம் வெட்டப்பட்டுவிடும். வெட்டி முடித்த குழியில் நீர் நிரம்பிவிடும், அல்லது மண் சரிந்து மூடிவிடும். ஒருவர் எழுதிய அளவையை மற்றொருவர் சென்று சரிபார்க்க இடமில்லாமற் போகிறது. மேலே ஓடைக்காடுகளிலோ, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லாகப் பொறுக்கிச் செல்ல, கிடைத்த அடுக்கு எது என்ற குறிப்பு இல்லாத அந்தக் கல் அலமாரியில் ஓர் அலங்காரமாக முடிகிறது. பொது ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஒரு நீர்நிலையைத் தோண்டும்போது பெரிய பெரிய உருண்டைகள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்ற செய்தி ஒரே நாளில் ஊர் ஊராகப் பரவி, ஜனங்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். முட்டை அன்று, அம்மோனைட் முதலியவற்றைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்று அறிந்தவர்கள் விளக்கினார்கள். அந்த ஆர்வத்தைச் சரியான வழியில் திருப்புவதற்கு அரியலூரை அடுத்த வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமும், பெரம்பலூரில் அம்மோனைட் மையமும், சாத்தனூரில் கல்மரத்தைக் காக்கும் வேலியும் இருக்கின்றன. இவை நல்ல தொடக்கம். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சிப்பி தன் அடுக்கைச் சொல்லாது.

ஆகவே ஆலைக்காரர்களிடமும் அரசாங்கத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு சுரங்கத்திலும் வெட்டு முடியும்போது, அடியிலிருந்து மேல் வரை எல்லா அடுக்குகளும் தெரியும்படி ஒரு சுவரை மட்டும், பத்து முழ அகலமானாலும் போதும், சரியாதபடி சரிவு வைத்து விட்டுவைக்க வேண்டும். அது எந்தத் தொகுதி, என்ன வயது, என்னென்ன கிடைத்தன என்று தமிழில் ஒரு பலகை நாட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் வருஷத்தில் சில நாளாவது உள்ளே சென்று பார்க்க அனுமதிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் ஏற்றும் கல்லின் விலைக்குக்கூட வராது. காரைக்கும் சாத்தனூருக்கும் செல்லும் அன்பர்கள் கல்லை எடுக்காமல், பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய் வரட்டும்.